நாலரைக் கல் உயரம்

கிருஷ்ணகிரி, பெங்களூரு ரோட்டில்
விதைக்கடைக்கு மேல்மாடி.
மணிக்கு அறுபது ரூபாய், ரெண்டு பேர் ஆடினால் தொண்ணூறு.
ஆனி மாதம் ஜன்னலைத் திறந்தால்
மாங்கூழ் ஆலையின் புளித்த வாடை வரும்.
திறப்பதில்லை.

சுவரில் நூற்று எண்பத்தாறு டிஸ்க்.
நம்ம கல்யாணச் செலவைவிடக் கொஞ்சம் கூட
என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் கோமளா.
அதற்கப்புறமும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள்.

செவ்வாய்க்கிழமை
படியேறும்போதே கத்தினான் தப்ரேஸ்:
"அண்ணா, ஒல்லியாகுதாம்!"
யாருடா?
புதுப் பெட்டி. உடம்பு மூணில் ஒரு பங்கு குறையுமாம்,
டிஸ்க் போடுற வாய் தனியாம்,
வேணும்னா வாங்கி மாட்டிக்கலாமாம்,
வேணாம்னா விட்டுடலாமாம்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து 'ஆம்'.
ஒன்றுகூட ஆமாம் இல்லை.

வாய் இல்லாததற்கு
எப்படி ஊட்டுவது என்றேன்.
"காத்துல வரும்ணா."
எங்கள் தெருக் காற்றில் எண்பது ஜிபி இறங்க
ரெண்டு ராத்திரி ஒரு பகல்,
நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

ஆனால் அவன் போனில் ஒரு படம் இருந்தது.
எந்த நாட்டுச் சமையலறையோ,
மெருகேறிய கல்மேடையில் படுத்திருந்தது வெள்ளைப் பெட்டி.
முன்பக்கம் நகக்கீறல் மாதிரி ஒரு வாய்.
"வாய் இருக்குடா!"
எனக்குள் நூற்று எண்பத்தாறும்
ஒருதரம் சுழன்று நின்றன.

மூலை நாற்காலியில் திம்மராயன்.
பர்கூர்ப் பக்கம் பாலிஷ் மிஷினில் வேலை,
நைட் ஷிப்டுக்கு முன் ஒரு மணி நேரம் இங்கே கார் ரேஸ்,
காதோரம் எப்போதும் கல்மாவு.
கீறல் விழுந்த டிஸ்க்கை அவனிடம்தான் கொடுப்பேன்.
நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கணும்,
சுத்திச் சுத்தித் துடைச்சா செத்துடும் என்பான்.
போனை வாங்கினான்.
பெட்டியைப் பார்க்கவில்லை.

"இது பாரடிசோ. நம்ம ஜெகதேவிக் கல்லு.
ஓரம் இருபது எம்.எம்."
விரல்நுனியால் அளந்து மேலே ஏறினான்,
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அரை.
"தொண்ணூறு வருது. ஒல்லிதான்."

தப்ரேஸ் கட்டிப்பிடித்ததில்
அவன் கறுப்புச் சட்டை வெளுத்தது.

அப்புறம் திம்மராயன் படத்தைப் பெரிதாக்கிக்
கல்லுக்குள் பார்த்தான்.
மூவாயிரம் நம்பர் போட்டுத் தேய்த்த மெருகு,
சவரம் பண்ணிக்கொள்ளலாம்.
உள்ளே தலைகீழாகக் கிடந்தது அதே பெட்டி.
"அண்ணா,
மேல வாய் இருக்கு.
கீழ இல்ல."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

யாரோ வரைந்திருக்கிறார்கள்.
என்னைப்போல் அலமாரி நிறைய வைத்திருக்கும் ஒருத்தன்
எங்கோ ஒரு ராத்திரி உட்கார்ந்து
மூடிக் கிடந்த முகத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறான்.
கல்லுக்குள் கீற மறந்துவிட்டான்.
அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"தனியா மாட்டிக்கலாமாம்ணா" என்றான் தப்ரேஸ்,
இந்தமுறை மெதுவாக.
"மாட்ட எவ்வளவாம்?"
நோட்டிலிருந்து நிமிராமல் கோமளா.
அதற்கு மட்டும் வதந்தி எதுவும் வரவில்லை.

திம்மராயன் போனைத் திருப்பித் தரவில்லை.
குழாய்க்குப் போட்ட ஓட்டை, சுவரோடு சேரும் விளிம்பு
என்று நகர்த்திக்கொண்டே போனான்.
"இங்க சில்லு போயிருக்கு பாருங்க.
நான்தான் ரெசின் வச்சு அடைச்சேன்.
சூப்பர்வைசர்கூடக் கண்டுபிடிக்கல."
முகம் சிவந்திருந்தது.
"யார் வீட்டு அடுப்படிண்ணா இது?"

எங்களுக்கு எப்படித் தெரியும்.

அவனுடைய மணி முடியப் பதினொரு நிமிஷம் இருந்தது.
திரையில், வளைவு ஒன்றில் நிறுத்திவைத்த அவன் கார்,
முன்சக்கரம் ரெண்டும் காற்றில்.